உள்வரும் அழைப்பு பயன்பாடு ஆகாது

இல்லண்ணே, நம்பரைத் திருப்பிக் கேக்க வரல. அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். அது உங்க நம்பர்தான், சட்டப்படி உங்க கையில இருக்கு. போர்டுல பெருசா எழுதியிருக்கீங்க, கார்டு வேற அடிச்சு அடுக்கி வச்சிருக்கீங்க, எல்லாம் அப்படியே இருக்கட்டும். முன்னாடி அந்த நம்பர் என்கிட்ட இருந்துச்சுன்னு சொன்னேன், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் உங்க மூஞ்சி மாறிப் போச்சு. நான் சண்டைக்கு வந்த ஆளு இல்ல. சண்டை போடத் தெம்பும் இல்ல.

பையா? பையில ஒரு கோளாறும் கெடையாது. ஜிப் நல்லாத்தான் ஓடுது. நீங்க ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரியாப் பாத்தீங்களே, அப்பவே எனக்கு வெக்கமாப் போச்சு. வெறுங்கையோட வந்து நின்னா எப்படிப் பேச்செடுக்குறதுன்னு தெரியல. அதான் ஆபீஸ் பையில இருந்த காயிதத்தையெல்லாம் மேசையில கொட்டிட்டு, காலிப் பையத் தூக்கிட்டு வந்துட்டேன். வேணும்னா அந்தக் கைப்பிடியில ரெண்டு தையல் போட்டுக் குடுங்க, கொஞ்சம் தளர்ந்த மாதிரிதான் இருக்கு. நீங்க வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா எனக்கும் பேச வசதி. சும்மா ஒருத்தர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேச எனக்கு வராது.

கேக்க வந்தது ஒரே ஒரு விஷயம். அந்த நம்பருக்கு ஒரு போன் வந்திருக்கும். வயசானவர், உங்களுக்குத் தெரியாதவர், ரொம்ப நேரம் பேசியிருப்பாரு. அந்தப் போனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். ம், ஞாபகம் இருக்கு. உங்க கை அப்படியே நின்னுச்சே, அதுலயே தெரிஞ்சுது. இப்பச் சொல்ல வேண்டாம். நான் சொல்லி முடிச்சுடுறேன், அப்புறம் சொல்லுங்க. முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அதைக் கொண்டு போய் எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது.

நான் போலீஸ் இல்ல. டெலிபோன் கம்பெனி ஆளும் இல்ல. அந்தக் கம்பெனிங்களுக்கெல்லாம் மேல ஒரு ஆணையம் இருக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்னு பேரு. யாரு கடை போடலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம், ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோட கழுத்தப் பிடிக்காம இருக்கா, இதையெல்லாம் பாத்துக்குற எடம். அதுல எண் பிரிவுன்னு ஒண்ணு. மூணாவது மாடி, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல, ஜன்னலைத் தொறந்தா அடுத்த கட்டடத்தோட சுவரு. அங்க நான் அதிகாரி. போன் நம்பர்தான் எங்க பொழப்பு. ஆமா, நம்பருக்குன்னே தனி ஆபீஸ். சிரிக்கலாம், பரவால்ல. எங்கப்பாவே, எம்புள்ள அரசாங்கத்துக்கு நம்பர் எண்ணிக் குடுக்குறான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. கேலியா பெருமையான்னு கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடல.

நம்பர்னா என்னமோ காத்துல இருந்து கொட்டுறதுன்னு ஜனங்க நெனைக்கிறாங்க. கெடையாது, அளவாத்தான் இருக்கு. நாங்க கம்பெனிக்குப் பிரிச்சுக் குடுக்குறோம், கம்பெனி உங்களுக்குக் குடுக்குது. யாருக்கும் பத்திரம் எழுதித் தர்றதில்ல. இருக்குற வரைக்கும் வச்சுக்கலாம், குடியிருக்குற வீடு மாதிரி. இந்தப் பழைய கம்பெனி ரெண்டும் என்ன பண்ணிச்சுன்னா, நம்பரையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டு வச்சுக்கிச்சு. ஆளு ஊரை விட்டே போயிருப்பான், சிம்மைத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பான், ஆனா கணக்குல மட்டும் வாடிக்கையாளர்னு காட்டுவாங்க. எங்ககிட்ட இத்தனை பேரு இருக்காங்கன்னு மார்தட்டிக்கலாம்ல. புதுசா ஒருத்தன் கம்பெனி தொடங்குறான்னா ஜனங்களுக்குக் குடுக்க அவன்கிட்ட நம்பரே இருக்காது. நம்பர் இல்லாம போட்டி எப்படி வரும், போட்டி இல்லாம வெல எப்படிக் கொறையும். உங்க சிம்மு அந்தப் புதுக் கம்பெனிதானே? நெனச்சேன். மாசம் என்ன கட்டுறீங்க? பாருங்க, பழைய கம்பெனியில அதுக்கு ரெண்டு மடங்கு வாங்கியிருப்பான். அது நாங்க போட்ட சட்டத்தாலதான். பெருமைக்குச் சொல்லல. உங்களுக்காகப் போட்ட சட்டம்தான்னு சொல்ல வர்றேன்.

சட்டம் ரொம்பச் சின்னது. ஒரு நம்பரை மூணு மாசம் பயன்படுத்தலைன்னா அதைத் துண்டிச்சிடணும். கொஞ்ச நாள் ஆறப் போட்டுட்டு எங்ககிட்ட ஒப்படைக்கணும். நாங்க யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் குடுப்போம்.

ஆனா சட்டம்னா நாங்களா உக்காந்து எழுதிட முடியாது. சம்பந்தப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்கணும். பெரிய ஹால், நீள மேசை, ஆளுக்கு ஒரு மைக்கு, ஒரு தண்ணி பாட்டில். ஏசிய ஒரேயடியாக் கூட்டி வச்சிருப்பாங்க, பாதிப் பேரு கையக் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க. ஒரு பக்கம் கம்பெனிக்காரங்க, வக்கீல் படையோட. அதுல ஒருத்தருக்கு நாங்க வாய்தான்னே பேரு வச்சிருக்கோம். எதுக்கெடுத்தாலும் இன்னும் ரெண்டு வாரம் அவகாசம் வேணும்பாரு, அவரு பேரைக் கேட்டாக்கூட அதுக்கும் அவகாசம் கேப்பாருன்னு நாங்க பேசிக்குவோம். இன்னொரு பக்கம் நுகர்வோர் சங்கம்னு ஒரே ஒரு அம்மா, துணிப்பையோட. பழைய கம்பெனி ஒரு வருஷம் வேணும்னுச்சு, புதுக் கம்பெனி ஒரு மாசம் போதும்னுச்சு. காய்கறிக் கடையில பேரம் பேசுற மாதிரி இழுத்து இழுத்து மூணு மாசத்துல வந்து நின்னுச்சு. ஏன் மூணுன்னு கேட்டா, மத்தியானம் ஆயிடுச்சு, எல்லாருக்கும் பசி. அதுதான் காரணம்.

பெரிய சண்டை அதுல இல்லண்ணே. பயன்பாடுன்னா என்னங்கிறதுலதான். நாம கூப்பிட்டாத்தான் பயன்பாடா, இல்ல வர்ற போனை எடுத்துப் பேசினாலும் பயன்பாடா? முன்னாடியெல்லாம் ஒரு கம்பெனியில இருந்து இன்னொரு கம்பெனிக்குப் போன் போச்சுன்னா, எடுக்குற பக்கத்துக்கும் நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை போகும். அதை நாங்களே முந்தின வருஷம் தூக்கிட்டோம், அதுவும் போட்டி வளரணும்னுதான். அதைப் பிடிச்சுக்கிட்டு வாய்தா எந்திரிச்சாரு. ஐயா, வர்ற போன்ல எங்களுக்குக் காலணா வரும்படி இல்ல, சும்மா எடுத்து எடுத்துப் பேசிக்கிட்டே இருக்குறவனுக்காக நாங்க எதுக்கு நம்பரைப் பூட்டி வைக்கணும்னு கேட்டாரு. அன்னிக்கு மட்டும் அவரு அவகாசம் கேக்கல. புதுக் கம்பெனியும் அதுக்குத் தலையாட்டிச்சு. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியக் கூடப் பாத்துக்காத ரெண்டு கம்பெனியும் ஒத்துப்போன ஒரே எடம் அதுதான்.

அந்தத் துணிப்பை அம்மா மட்டும் விடல. வயசானவங்க இருக்காங்கய்யா, அவங்க யாரையும் கூப்பிட மாட்டாங்க, புள்ளைங்க கூப்பிடுவாங்கன்னு போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, அவங்க போனைப் பிடுங்கிடாதீங்கன்னாங்க. அதுக்குப் பதில் எழுதுற வேலை எனக்கு வந்துச்சு. நான் என்ன எழுதினேன்னா, எவ்வளவு வயசானவரா இருந்தாலும் மூணு மாசத்துல ஒரு தடவையாவது யாரையாவது கூப்பிடுவாரு. அப்படி ஒரே ஒரு தடவ கூடக் கூப்பிடாத ஆளு, அந்த இணைப்பைக் கைவிட்டுட்டதாத்தான் எடுத்துக்கணும். தலைவர் படிச்சுட்டு, கச்சிதமா எழுதியிருக்கீங்கன்னாரு. உள்வரும் அழைப்பு பயன்பாடு ஆகாது. அந்த ஒரு வரியச் சட்டத்துல சேத்துட்டோம்.

இன்னிக்கும் அது தப்புன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கே யாராவது திருத்தணும்னு வந்தா, வேண்டாம்னுதான் குறிப்பு எழுதுவேன்.

கடை வாசல்ல ஒரு அம்மா வந்து ரொம்ப நேரமா நிக்கிறாங்க பாருங்க. பெட்டியக் குடுத்து அனுப்புங்க மொதல்ல, நான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, லீவுதான்.

சக்கரம் மாத்தினதா? நல்லா உருளுது. சத்தமே இல்ல. உங்க கடையில நிம்மதியா இருக்குண்ணே. இந்தப் பசை வாசனை, மேல தொங்குற பையெல்லாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோளாறு, ஒவ்வொண்ணையும் உங்களால சரி பண்ணிட முடியுது.

எங்க விட்டேன்? என் நம்பரு. வேலைக்குச் சேந்த புதுசுல வாங்கினது. கடைசியில ஜோடி ஜோடியா வரும்ல, சொல்றதுக்கு வசதி, அதனாலதான் உங்களுக்கும் பிடிச்சிருக்கும். அப்புறம் ஆபீஸ்ல ஒரு போன் குடுத்தாங்க. பேங்க்கு, சொந்தக்காரங்க, பொண்டாட்டி, புள்ள, எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. பழசு ஒரே ஒரு ஆளுக்காக இருந்துச்சு. எங்கப்பாவுக்கு. அவருக்குப் பேரு போட்டு நம்பரைச் சேத்து வைக்கத் தெரியாது. என் நம்பரை ஒரு தடவ உருப்போட்டாரு, அதோட சரி. இன்னொண்ணை மறுபடியும் உருப்போடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுக்காகவே ரெண்டு போனைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். பொண்டாட்டி கூடத் திட்டுவா.

அவரு வேற ஊர்ல, தனியா இருந்தாரு. அம்மா போயி ரொம்ப நாளாச்சு. அக்கா அதே ஊர்லதான், ரெண்டு தெரு தள்ளி. சாயங்காலம் டிவியில செய்தி முடிஞ்சதும் எனக்குக் கூப்பிடுவாரு. அவரு வீட்டுக்குள்ள சிக்னல் சரியாக் கெடைக்காது. மாடிப்படி திரும்புற எடத்துல, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னாத்தான் கெடைக்கும். முட்டி வலி வேற அவருக்கு, எவ்வளவு நேரம் நிப்பாரு. ஒரு நிமிஷம்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, பரவால்ல, சரி வச்சிடட்டா. வருஷக்கணக்கா இதே பேச்சு. எடது காது அவருக்குச் சரியாக் கேக்காது, ஆனா போனை அந்தக் காதுலதான் வைப்பாரு. வலது பக்கம் வைங்கப்பான்னா, அது நேர்ல வந்து பேசுறவங்களுக்குன்னு சொல்லுவாரு.

நான் கூப்பிடுவேனான்னா, இல்ல. எங்க வீட்டுப் பழக்கம் அப்படி. அவரு கூப்பிடுவாரு, நான் எடுப்பேன். எடுக்காம விட்டது கெடையாது. மீட்டிங்ல இருந்தாக்கூட வெளிய வந்து எடுத்துடுவேன்.

அப்புறம் அவரு தெருவுல, எதிர் வீட்டு மொட்டை மாடியில டவர் வைக்க வந்தாங்க. புதுக் கம்பெனிதான், உங்க கம்பெனி. அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்ல. காலையில வாசல்ல உக்காந்தா கண்ணு முன்னாடி ஒரு இரும்பு எலும்புக்கூடு நிக்குமேன்னாரு. தெரு பூரா கையெழுத்து வாங்கினாரு. எம்புள்ள அந்த ஆபீஸ்லயே இருக்கான், கவலைப்படாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா சிபாரிசு கேட்ட மாதிரி ஆயிடுமாம். எல்லாம் முறைப்படி நடக்கட்டும்னு, ஆணையத்துக்கே மனு எழுதித் தபால்ல போட்டுட்டாரு. அவரு அப்படித்தான். பள்ளிக்கூடத்துல என்னைச் சேக்க வந்தப்பவும் வரிசையில கடைசியாப் போய் நின்னவர்.

டவர் வேண்டாம்னு எங்களுக்கு நெறைய மனு வரும். டவருக்கு அனுமதி குடுக்குறது நாங்க இல்ல, உள்ளாட்சி. அதனால அதுக்கு ஒரு அச்சுப் பதில் வச்சிருக்கோம். அன்புடையீர், தாங்கள் குறிப்பிட்டுள்ள பொருள் இவ்வாணையத்தின் அதிகார வரம்புக்குள் வராது, உரிய அமைப்பை அணுகவும். பேரையும் விலாசத்தையும் மட்டும் கம்ப்யூட்டர் மாத்திக்கும். அடியில கையெழுத்தையும் அதுவே போட்டுக்கும். பொது மனுவுக்கு வருஷத்துக்கு ஒரு அதிகாரியோட கையெழுத்த ஏத்தி வைப்பாங்க, முறை வச்சு. அந்த வருஷம் என் முறை. அந்தக் காயிதத்த நான் கண்ணால கூடப் பாக்கல. யாருமே பாக்க மாட்டாங்க, பாக்க வேண்டாம்னுதான் அப்படி ஏற்பாடு.

அவரு பாத்தாரு. அன்னிக்குச் சாயங்காலம் செய்தி தொடங்குறதுக்கு முன்னாடியே போன் வந்துச்சு. எனக்கு அன்புடையீர்னு எழுதியிருக்கியேடான்னாரு. மொதல்ல எனக்கு ஒண்ணும் விளங்கல. விளங்கினப்புறம் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அப்பா, அது நான் போட்ட கையெழுத்து இல்ல, கம்ப்யூட்டர் போட்டது, எனக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் கேட்டாரு, அப்ப நீ எதுக்குடா அங்க இருக்கேன்னு. கோவமாக் கேக்கல. கோவமாக் கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பேன், அதோட போயிருக்கும். நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் கூப்பிடல.

நான் கூப்பிட்டிருக்கலாம்தான். நீங்க சொல்லாட்டியும் உங்க பார்வையில தெரியுது. அந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலை யோசிச்சு வச்சுக்கிட்டுக் கூப்பிடலாம்னு நெனச்சேன். பதில் ஒண்ணும் தோணல. நாளைக்கு, நாளைக்குன்னு போச்சு. செய்தி நேரத்துக்கு அந்தப் போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அடிக்காது. அக்காகிட்ட விசாரிப்பேன். நல்லா இருக்காருடா, டவரைத் தெனம் ரெண்டு வேளை திட்டுறாரு, நீ ஒரு போன் போட்டா என்னன்னுவா. சரிக்கான்னுவேன். அப்புறம் ஆபீஸ்ல வேலை கூடிப் போச்சு, போன் மேசை டிராயருக்குப் போச்சு, சார்ஜ் எறங்கிச்சு. வேணும்னு பண்ணல. ஏத்தாமலே இருந்துட்டேன்.

அதே சமயத்துலதான் இந்தச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. மூணு மாசம் முடிஞ்சுது. நான்தான் அந்த நம்பர்ல இருந்து ஒருத்தரையும் கூப்பிட்டதே கெடையாதே. அப்பா தெனம் கூப்பிட்டிருந்தாக்கூடக் கணக்குல வராது, அது வேற விஷயம். துண்டிக்கப் போறோம்னு எச்சரிக்கை அனுப்பியிருப்பாங்க. எங்க அனுப்புவாங்க, அந்த நம்பருக்கேதான். அப்படித்தான் எழுதியிருக்கோம். செத்துக் கெடக்குற போனுக்கு, நீ செத்துப் போகப் போறேன்னு செய்தி. மொதல் தவணையில கம்பெனிங்க ஒப்படைச்ச நம்பரெல்லாம் எங்க பிரிவுக்குத்தான் வந்துச்சு, லட்சக்கணக்குல. அதுல என்னோடதும் இருந்திருக்கு. யாரு ஒவ்வொண்ணாப் பாப்பா. அந்த ஹால்ல வயசானவங்களைப் பத்தித்தான் பேச்சு வந்துச்சு. புள்ளைங்களைப் பத்தி யாருக்கும் தோணல.

அதுக்குள்ள டவரும் வந்துடுச்சு. உள்ளாட்சியில அனுமதி குடுத்துட்டாங்க. அதுல என்ன ஆச்சுன்னா, அப்பாவோட சிம்மும் அதே கம்பெனி, அவரு நாற்காலி இருக்குற எடத்துலயே முழுசா சிக்னல். படியேற வேண்டாம், சாஞ்சு நிக்க வேண்டாம். இதையும் அக்கா சொல்லித்தான் தெரியும். திட்டிக்கிட்டே அதுல பேசிக்கிட்டு இருந்தாராம்.

அப்படி நாற்காலியில உக்காந்துக்கிட்டுத்தான் போன மாசம் ஒரு மத்தியானம் கூப்பிட்டிருக்காரு. மனப்பாடமா வச்சிருந்த நம்பரை ஒவ்வொண்ணா அழுத்தி. ஏழெட்டு மாசம் கழிச்சு. நீங்க எடுத்திருக்கீங்க. பதினோரு நிமிஷம். அவரோட போன் இப்ப என்கிட்டதான் இருக்கு. இதோ. ரப்பர் பேண்டு போட்டது அவருதான், பின்னாடி மூடி கழண்டு விழுந்துடும். அதுக்கப்புறம் வேற யாரையும் கூப்பிட்டதா இதுல இல்ல, கடைசியா இருக்குறது உங்க நம்பர்தான்.

ஆமா. போயிட்டாரு. உங்ககிட்ட பேசின நாலாம் நாளு, தூக்கத்துலயே.

உக்காருங்கண்ணே, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாரும் வருத்தம் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையே எனக்கு இப்பக் காதுல ஏறுறதில்ல. பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் ஒண்ணு இருக்குறதே தெரியாதுல்ல, அப்படி இருக்கு. சாப்பிடுறேன், தூங்குறேன், ஆபீஸுக்குப் போயி ரெண்டு கோப்பு கூடப் பாத்துட்டு வந்தேன். அழுகை வரல. வந்தா நல்லா இருக்கும்னு தோணுது. பொண்டாட்டி பயந்து போய் இருக்கா, பாவம்.

விஷயம் என்னன்னா, நான் அங்க போய் எறங்கினதும் அக்கா ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. கடைசியில உன்கிட்ட பேசிட்டாரேடா, அது போதும்டான்னு சொல்லி அழுதா. எனக்கு ஒண்ணும் புரியல. அந்த மத்தியானம் அவ அப்பாவைப் பாக்கப் போயிருக்கா. நாற்காலியில உக்காந்து தனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டு இருந்தாராம். என்னப்பான்னு கேட்டதுக்கு, தம்பிக்குப் போன் போட்டேன், ரொம்ப நேரம் பேசினோம், எல்லாம் சரியாப் போச்சுன்னாராம். அவன் சொன்னதுக்கப்புறம்தான் எனக்கு நிம்மதியா இருக்குன்னாராம். ராத்திரி இன்னும் கொஞ்சம் குடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அக்கா இதை ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றா. வீடு பூரா ஆளுங்க. சித்தி வந்து, நீ குடுத்து வச்சவன்டான்னு என் தலையத் தடவுறாங்க. மாமா கேக்குறாரு, என்னடா பேசினீங்க அவ்வளவு நேரம்னு. சும்மா, வீட்டு விஷயம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது அந்த எடத்துல. தலையாட்டிட்டேன், இனிமே அதை மாத்தவும் முடியாது.

அப்புறம்தான் இந்தப் போனை எடுத்துப் பாத்தேன். என் நம்பரு, பதினோரு நிமிஷம். ஒரு நொடி, டிராயர்ல கெடக்குற போன் தானா எடுத்துப் பேசிடுச்சோன்னு நெனச்சேன், சிரிக்காதீங்க. அடுத்த நொடி விளங்கிடுச்சு. என் தொழிலே அதுதானே. ஊருக்குத் திரும்பினதும் அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். பை ரிப்பேர்னு சொன்னீங்க. பேசாம வச்சுட்டேன். ஆமா, அது நான்தான், மன்னிச்சுக்கோங்க. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டு, கடை எங்க இருக்குன்னு கேட்டவனும் நான்தான். கம்பெனியில சொல்லி உங்க விலாசத்தை வாங்கியிருக்கலாம், ஆனா சொந்த வேலைக்கு அப்படிக் கேக்கக் கூடாது.

நீங்க ராங் நம்பர்னு சொல்லியிருப்பீங்க, எனக்குத் தெரியும். அவருக்குக் கேட்டிருக்காது. ரெண்டு மூணு தடவ கூடச் சொல்லியிருப்பீங்க. ஆனா ராங் நம்பர்னு சொல்லி வைக்க அரை நிமிஷம் போதும்ண்ணே. மிச்ச நேரம் பூரா நீங்க ஏதோ பேசியிருக்கீங்க. உங்களை நான் தப்பு சொல்ல வரல. உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கேன்னு கூட எனக்கு இன்னும் உறைக்கல, அப்புறம் ஒரு நாள் உறைக்கும்.

நாளைக்கு அக்கா வர்றா, எங்க வீட்ல நாலு நாள் இருக்கப் போறா. வந்ததும் கேப்பா. அங்க கூட்டத்துல கேக்க முடியல, இங்க உக்காந்து நிதானமாக் கேப்பா, அவ விடுற ஆளு இல்ல. உண்மையச் சொல்லிடலாம்னு பாத்தா, அப்பா யாரோ ஒருத்தர்கிட்ட சமாதானம் ஆயிட்டுப் போயிட்டாருன்னு ஆயிடும். அவளுக்கு இருக்குற ஒரே ஆறுதல் அது. அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்ல. எனக்கும் அது வேணும்னு நெனைக்கிறேன். வேணுமான்னு கூடச் சரியாத் தெரியல, ஆனா இங்க வரைக்கும் நடந்து வந்திருக்கேன்ல.

கைப்பிடியத் தைச்சுக்கிட்டே சொல்லுங்க, நிறுத்த வேண்டாம். அவரு என்ன சொன்னாருங்கிறதை அப்புறம் கேட்டுக்கிறேன். மொதல்ல எனக்கு இது தெரியணும். எங்கப்பாகிட்ட நான் என்ன சொன்னேன்?